மருந்து சேர்ந்ததும் ஓடிப்போன ஜெல்

1. நின்றது

என் முதலாளியின் தலையில் ஸ்டீராய்டு ஜெல் வழிந்த அன்று, நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இப்போது இரண்டு வருடம் ஓடிவிட்டது. எங்கள் துறையில் ஒரே கம்பெனியில் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தாலே சீனியர். அந்த உரிமையில், பார்மஸி படித்துவிட்டு ஃபார்முலேஷன் பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பாடப் புத்தகத்தில் இது ஒரே ஒரு வரியாக இருக்கும். நானும் அந்த வரியைப் படித்து மார்க் வாங்கியவள்தான்.

கம்பெனி ஆம்பூர் தாண்டி, ஹைவேயிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. ஒரு பக்கம் தோல் பதனிடும் டேனரி, மறுபக்கம் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஃபேக்டரி, நடுவில் நாங்கள். முதலாளி கஜபதி சார் லெதர் ஃபினிஷிங்கில் ஆரம்பித்து, ஃபினிஷிங் கெமிக்கல் விற்று, ஷூ பாலிஷ் தயாரித்து, கடைசியாக மருந்துக்கு வந்தவர். டேனரியில் குரோம் தண்ணீரில் கை வைத்து வேலை செய்கிறவர்களில் சிலருக்குக் கை சிவந்து, அரித்து, வெடித்துவிடும். டாக்டர்கள் அதற்கு ஸ்டீராய்டு ஜெல் எழுதுவார்கள். அந்த ஜெல் எங்கிருந்தோ வரும்.

"அரிப்பு இங்க, மருந்து எங்கியோவா?" என்று கேட்டார் கஜபதி சார். கம்பெனியின் பிசினஸ் பிளான் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

லைசன்ஸ், சுத்தமான அறை, காற்று வடிகட்டி எல்லாம் முறையாக ஏற்பாடு செய்துவிட்டு, ஜெல் செய்ய என்னை எடுத்தார். கதவில் 'ஆர் அண்ட் டி டிபார்ட்மென்ட்' என்று பித்தளை போர்டு இருக்கும். கதவைத் திறந்தால் நான் இருப்பேன். டிபார்ட்மென்ட் அவ்வளவுதான். ப்ரொடக்ஷனுக்கு சாலமோன் அண்ணா. இதற்கு முன் ஒரு லிக்விட் சோப்பு கம்பெனியில் இருந்தவர்.

முதலில் மருந்து சேர்க்காத வெறும் ஜெல்லைச் செய்தேன். இதற்கு பிளேசிபோ என்று பெயர். கார்போமர் என்ற பவுடரைத் தண்ணீரில் ஊறவைத்தால் மங்கலாக, லேசான கஞ்சிபோல இருக்கும். அதில் கொஞ்சம் காரம் சொட்டுச் சொட்டாக விட்டால், கண் முன்னாலேயே கண்ணாடிபோல் தெளிந்து இறுகிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அன்று வந்த ஜெல் அத்தனை அழகு. ஸ்பூனால் கீறினால் கீறல் அப்படியே நின்றது.

கஜபதி சார் பீக்கரைக் கையில் எடுத்தார். தோல் தொழிலில் யாரும் காகிதத்தைப் பார்த்துச் சரக்கு வாங்க மாட்டார்கள். எடுப்பார்கள், மடிப்பார்கள், கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார்கள், முகர்வார்கள். பிறகுதான் பேச்சு. அவர் ஜெல்லையும் அப்படியே தேய்த்தார், முகர்ந்தார். மடிக்க முடியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பீக்கரைத் தன் தலைக்கு மேலே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். அவருக்கு நல்ல வழுக்கை.

ஜெல் அசையவில்லை.

"பாடி!" என்றார், பீக்கரை இறக்காமல். தோல்காரர்கள் கெட்டிமானத்துக்குச் சொல்லும் வார்த்தை. "பாடி இருக்குதும்மா இதுல! சாலமோனு, இங்க வந்து பாரு, எப்டி நிக்குது பாரு!"

அன்றிலிருந்து யார் வந்தாலும் இந்தக் காட்சிதான். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவருக்குக் காட்டினார். தீயணைப்பு சிலிண்டர் விற்க வந்த பையன், பக்கத்து டேனரி மேனேஜர், யாரையும் விடவில்லை. டேனரி மேனேஜர் மட்டும், "இன்னாத்துக்கு அண்ணாத்த தலைல கவுக்கற? டேபிள் மேல கவுத்துக் காட்டக்கூடாதா?" என்று கேட்டார்.

"டேபிளுக்கு இன்னா பயம்? எனக்கு பயம் இருக்கணும், அப்பதான் பாக்கறவனுக்கு நம்பிக்க வரும்" என்றார் கஜபதி சார். மார்க்கெட்டிங் பற்றி நான் கேட்ட முதல் வகுப்பு அது.

2. ஓடியது

எங்களுக்கு வரவிருந்த முதல் கஸ்டமர் சென்னையில் ஒரு மருந்து கம்பெனி. அவர்கள் பெயரில் நாங்கள் ஜெல் தயாரித்துத் தரவேண்டும். சோதனைக்காக அவர்களே ஒரு சின்ன பாட்டிலில் மருந்து அனுப்பியிருந்தார்கள். பீட்டாமெத்தசோன் சோடியம் பாஸ்பேட். வெள்ளைத் தூள், தண்ணீரில் போட்டவுடன் கரைந்துவிடும். கெடாமல் இருக்க அதற்கு, அமில-கார அளவு (பி.எச்.) மாறாமல் பிடித்துவைக்கும் பஃபர் வேண்டும். பஃபராக சோடியம் சிட்ரேட் எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய டெக்னிக்கல் மேனேஜர் வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகப் பேச்சு.

அந்த வாரத் தொடக்கத்தில், பாட்டிலில் இருந்த மருந்தில் பாதிக்கு மேல் எடுத்து, சின்ன ட்ரையல் வெசலில், கலக்கி பொருத்திய தொட்டியில், முதல் மருந்து ஜெல்லைச் செய்தோம். மருந்தையும் பஃபரையும் கரைத்து ஊற்றினேன். கலக்கி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் மாறியதை நான்தான் முதலில் கவனித்தேன். உறுமிக்கொண்டிருந்த மோட்டார் திடீரென்று நிம்மதியாகச் சுற்ற ஆரம்பித்தது. தடை இல்லை என்று அர்த்தம்.

நான் வெசலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாலமோன் அண்ணா வழக்கம்போல் ஒரு பீக்கர் பிடித்து முதலாளியிடம் கொண்டுபோய்விட்டார்.

"சார், வேணாம்!" என்று நான் திரும்புவதற்குள் கவிழ்த்துவிட்டார்.

அது நெற்றியில் இறங்கி, கண்ணாடிக்குள் புகுந்து, மீசையில் ஒரு கணம் தங்கி, சட்டை காலருக்குள் போனது. அவர் பீக்கரைப் பிடித்த கையை இறக்கவே இல்லை. நின்ற ஜெல்லுக்குக் காட்டிய அதே போஸ்.

"இன்னாமா இது," என்றார் கண்ணை மூடியபடி, "சனிக்கிழம எண்ண தேச்ச மாதிரி இருக்குது."

"கழுவுங்க சார் மொதல்ல. ஸ்டீராய்டு அது."

கழுவிவிட்டு, துண்டால் தலையைத் துடைத்தபடி என் அறைக்கு வந்தார். கோபப்படவில்லை. கோபத்தைவிட மோசமான ஒன்றைச் சொன்னார். அவருடைய பாலிஷ் யூனிட்டில் வெசல் பற்றவில்லையாம். ஷூ கம்பெனிகளில் இருந்து பாலிஷுக்கு நல்ல கிராக்கி இருக்கிறதாம்.

"வெள்ளிக்கிழம அந்த மேடம் முன்னால ஜெல் நிக்கணும். நிக்கலன்னா மிஷின எல்லாம் பாலிஷ் ஷெட்டுக்கு மாத்திடறேன். அங்க நிக்கற பேஜாரே கெடையாது."

"அப்ப நான் சார்?"

"நீயும் வாயேன். பாலிஷுக்கும் ஆர் அண்ட் டி வேணும் இல்ல? கறுப்பு, பிரவுனு, ரெண்டு கலர் இருக்குது."

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே எனக்கு வழி செய்து கொடுப்பதாக நினைத்தார். எம்.பார்ம் முடித்த கையோடு நான் பார்த்த கனவுகளில் பிரவுன் கலர் இல்லை.

போகும்போது கதவருகே நின்று கேட்டார்: "ஏம்மா, மருந்து போடாம நல்லாதான நின்னுச்சு? அதையே குடுத்துட்டா?"

"அவங்க வாங்கறதே மருந்தத்தான் சார்."

"அதுவும் சரிதான்" என்றார், மனசில்லாமல்.

3. ஏன் ஓடியது

மருந்தின் அளவு துளிதான். ஆயிரம் பங்கு ஜெல்லில் ஒரே ஒரு பங்கு. அது எப்படி ஒரு வெசல் ஜெல்லையே சாய்க்கும் என்று சாலமோன் அண்ணா கேட்டார். காண்டீனில் டீ குடித்தபடி அவருக்கும் முதலாளிக்கும் விளக்கினேன்.

"காட்பாடி ஷேர் ஆட்டோல ஏழு பேர் உக்காந்திருக்காங்க. ஏழு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் புடிக்காது. எப்டி உக்காருவாங்க?"

"முட்டிய வெளிய நீட்டிக்கினு, தள்ளித் தள்ளி உக்காருவாங்க" என்றார் சாலமோன் அண்ணா.

"அதான் கார்போமர். அதோட சங்கிலி மேல எல்லாம் நெகட்டிவ் சார்ஜ். ஒண்ணுக்கொண்ணு ஆகாது. தள்ளிக்கிட்டே விரைப்பா நிக்குது, நடுவுல தண்ணி மாட்டிக்குது. அதான் நீங்க சொல்ற பாடி. இப்ப நம்ம மருந்து வருது. அது சோடியம் உப்பு. அதக் காப்பாத்தப் போட்ட பஃபரும் சோடியம் உப்பு. சோடியம் பாசிட்டிவ். அது நடுவுல பூந்து எல்லாரையும் சமாதானம் பண்ணிடுது. சண்ட போச்சு. எல்லாரும் சுருண்டு தூங்கிட்டாங்க. தண்ணி வெளிய வந்துருச்சு."

கஜபதி சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப சண்ட இருந்தாதான் நிக்கும்?"

"ஆமா சார்."

"எங்க கூட்டுக் குடும்பம் மாதிரி."

இந்த விளக்கத்தில் எனக்குப் பெருமை. ரொம்பத் தெளிவாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். கேட்ட இருவர் மனதிலும் 'உப்பு' என்ற ஒரே வார்த்தை மட்டும் தங்கும், அதுவும் அவரவர் தொழிலில் உப்புக்கு இருந்த வேலையோடு தங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

4. இரண்டு தொழில்கள் ஒன்றாகச் சொன்னது

தீர்வு எனக்குத் தெரிந்திருந்தது. கார்போமரை விட்டுவிட்டு, சார்ஜே இல்லாத பாலிமருக்குப் போகவேண்டும். எச்.பி.எம்.சி. என்று ஒரு செல்லுலோஸ் வகை. ஷேர் ஆட்டோவில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மாதிரி. மற்றவர்கள் சண்டை போட்டாலும் சமாதானமானாலும் அவருக்குத் தெரியாது. வேலூரில் ஒரு சப்ளையரிடம் ஸ்டாக் இருந்தது. புதன்கிழமை காலையில் பஸ் ஏறிப் போய், கையோடு வாங்கிக்கொண்டு மதியம் திரும்பினேன்.

திரும்பி வந்தபோது ட்ரையல் வெசல் பக்கத்தில் ஒரு கோணிமூட்டை. கல்லுப்பு.

"மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் சாலமோன் அண்ணா. முகமெல்லாம் வியர்வை. "பத்தவே மாட்டுது. எவ்ளோ போட்டாலும் வாங்கிக்கினே இருக்குது."

லிக்விட் சோப்பு தண்ணீராக இருந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? உப்பு போடுவார்கள். கண் முன்னால் கெட்டியாகிவிடும். சோப்பு, ஷாம்பு எல்லாவற்றிலும் அது நிஜமான, சரியான வித்தை. டேனரியில்? பச்சைத் தோல் வந்து இறங்கியதும் முதல் வேலை உப்பு. உப்பு இல்லாவிட்டால் தோல் அழுகிவிடும். சாலமோன் அண்ணாவின் தொழிலும் கஜபதி சாரின் தொழிலும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்திருக்கின்றன. இருவரும் சந்தோஷத்தில் பக்கத்து டேனரியில் இருந்து மூட்டையைத் தூக்கிவரச் சொல்லிவிட்டார்கள்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மிச்சமிருந்த கொஞ்சநஞ்சப் பிடிமானமும் போய், தண்ணீர் தனியாக, வெள்ளைத் திப்பி தனியாக மிதந்தது. அடியில் கல்லுப்பு கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"டேனரி உப்பா போட்டீங்க?" என்றேன். வேறு எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

கஜபதி சாருக்குச் சுருக்கென்றது. "புது மூட்டமா அது! தோலே படாதது. என்ன இன்னான்னு நெனச்சுக்கின?"

"சார், அண்ணா... டீ குடிக்கறப்ப நான் இன்னா சொன்னேன்? உப்புனாலதான ஓடுதுன்னு சொன்னேன்?"

"அது மருந்து உப்பு" என்றார் சாலமோன் அண்ணா பொறுமையாக. "இது சாப்பாட்டு உப்புதான மேடம்?"

"ரெண்டுலயும் இருக்கறது சோடியம் ண்ணா. மருந்து ஒரு துளி சமாதானம் பண்ணுச்சு. நீங்க அரை மூட்ட சமாதானம் பண்ணியிருக்கீங்க."

வெசலின் மோட்டாரை நிறுத்தினேன். கஸ்டமர் கொடுத்த மருந்தில் பாதிக்கு மேல் அதற்குள் போய்விட்டது. பாட்டிலில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சின்ன ட்ரையலுக்குத்தான் வரும். அது தவறினால் வெள்ளிக்கிழமை காட்ட எதுவும் இல்லை. அப்புறம் கறுப்பும் பிரவுனும்.

"உப்பு மூட்டைய டேனரிக்குத் திருப்பி அனுப்பிடுங்க ண்ணா" என்றேன். "இந்த பில்டிங்ல இருக்கவே வேணாம்."

அடுத்த நாள் எச்.பி.எம்.சி.யைச் சூடான தண்ணீரில் தூவிக் கலக்கினேன். சூட்டில் அது கரையாது. பால் கலந்த தண்ணீர்போலத்தான் இருக்கும். ஆற ஆறத்தான் ஊறி, தெளிந்து, கெட்டியாகும். அந்த வெள்ளைத் தண்ணீரைப் பார்த்த கஜபதி சார் டேனரி இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தார்.

"சார்!"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

மாலைக்குள் தெளிந்தது. மருந்தையும் பஃபரையும் கரைத்து ஊற்றிவிட்டு மோட்டாருக்குக் காது கொடுத்தேன். மோட்டார் சத்தம் மாறவில்லை. கெட்டித்தன்மையை அளக்கும் விஸ்காமீட்டரில் மருந்துக்கு முன் பார்த்த அளவும் பின் பார்த்த அளவும் ஏறக்குறைய ஒன்றே. சாலமோன் அண்ணா கையைத் தலைக்கு மேல் கூப்பி, "தோத்திரம்" என்றார்.

5. வெள்ளிக்கிழமை

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. காலையில் முதலாளியிடம் தனியாகப் போய்ச் சொன்னேன்.

"சார், இந்த ஜெல்ல தலைல கவுக்காதீங்க."

"ஏன், நிக்காதா?"

"நிக்கும் சார். கொஞ்ச நேரம். இது கார்போமர் மாதிரி விரைப்பா நிக்கற ஜாதி இல்ல. தேன் மாதிரி. மெதுவா இறங்கும்."

"எவ்ளோ நேரம் நிக்கும்?"

"உங்க பேச்சு முடியற வரைக்கும் நிக்காது."

அவர் தலையாட்டினார். நான் நம்பினேன்.

சென்னையிலிருந்து வந்த டெக்னிக்கல் மேனேஜர் பார்வதி மேடம் அதிகம் பேசாதவர். டீ, பிஸ்கட், ஆம்பூர் பிரியாணி பற்றிய முன்னறிவிப்பு எதற்கும் முகம் மாறவில்லை. நேராக லேபுக்கு வந்தார். பி.எச். பார்த்தார். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் ஜெல்லை வைத்து, மேலே எடை வைத்து, எவ்வளவு அகலம் பரவுகிறது என்று அளந்தார். கையுறை போட்ட விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். விஸ்காசிட்டி அளவை எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தோல் தொழிலில் பார்ட்டி பேசாமல் இருந்தால் வியாபாரம் போய்விட்டது என்று அர்த்தமாம். கஜபதி சார் எவ்வளவோ தாங்கிப் பார்த்தார். மேடம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது அவர் கை தானாக பீக்கரை நோக்கிப் போவதைப் பார்த்தேன். எட்டிப் பிடிக்க நடுவில் மேஜை இருந்தது.

"மேடம், இங்க பாருங்க!" கவிழ்த்தே விட்டார். "நிக்குதா? நான் நாப்பது வருஷமா தோல் தொழில்ல இருக்கறேன். தோலப் பத்தி எனக்குத் தெரியும். பாடின்னு ஒண்ணு இருக்குது..."

ஜெல் நின்றது. அவர் ஃபினிஷிங் காலத்தை விவரித்துக் கொண்டிருந்தபோதும் நின்றது. கெமிக்கல் வியாபாரத்துக்கு வந்தபோது, பீக்கர் வாயில் சின்னதாக ஒரு தொப்பை விழுந்தது. நான் கண்ணால் ஜாடை காட்டினேன். சாலமோன் அண்ணா கையால் காட்டினார். முதலாளி ஷூ பாலிஷ் வரைக்கும் வந்துவிட்டார்.

மேடம் பேனாவை மூடினார். "சார், அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

"ஏன் மேடம்?"

"இறங்குது. எப்படி இறங்குதுன்னு பாக்கறேன்."

கஜபதி சார் அபிஷேகத்துக்கு நிற்கிற சாமிபோல் நின்றார். ஜெல் அவசரப்படாமல், அறுந்துபோகாமல், ஒரே கண்ணாடிக் கயிறாக இறங்கி, உச்சந்தலையின் நடுவில் உட்கார்ந்தது. பிறகு மெல்ல நாலாபக்கமும் பரவியது. மேடம் கிட்டே போய்க் குனிந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த வழுக்கையை ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

"கட்டி இல்ல. மருந்து துகள் எதுவும் தெரியல. சமமா பரவுது" என்றார் என்னிடம். "நான் கொண்டுவந்த கண்ணாடித் தகட்டைவிட இங்க நல்லா தெரியுது."

கஜபதி சார் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்: "நிக்கலயே மேடம்?"

"எதுக்கு சார் நிக்கணும்? ட்யூப்ல இருந்து வரணும், வெடிச்ச கைல வலிக்காம பரவணும், மருந்த வெளிய விடணும். நிக்கறதுக்குத் தூண் வாங்கிக்கறேன் நான்."

நான் சிரிக்கக்கூடாது என்று விஸ்காமீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் தொடர்ந்து, "ஜெல் மருந்த எவ்வளவு வெளிய விடுதுன்னு ரிப்போர்ட் வேணும். சூட்டுல கெட்டுப்போகாம இருக்கான்னு ஸ்டெபிலிட்டி சேம்பர்ல வச்சுப் பாக்கணும். அது சரியா வந்தா மத்தத பேசலாம். இந்தப் பொண்ணே பண்ணட்டும்" என்றார்.

முதலாளி தலையில் ஜெல்லோடு என்னைப் பார்த்தார். "பாலிஷ் ஷெட்டுக்கு வேற வெசல் பாத்துக்கறேன்மா" என்றார்.

"சரி சார். கழுவுங்க மொதல்ல."

6. கற்றுக்கொண்டது

இதிலிருந்து ஜூனியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஜெல்லை முதலில் செய்துவிட்டு, மருந்தைப் பிறகு விருந்தாளிபோல் அழைக்காதீர்கள். அளவு துளியாக இருந்தாலும் வீடு அதன் இஷ்டப்படிதான் நடக்கும். மருந்து எப்படிப்பட்டது, தண்ணீரோடு என்ன செய்யும், எந்த பி.எச்.சில் பிழைக்கும் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு ஏற்ற பாலிமரைத் தேடுங்கள். பிளேசிபோ எவ்வளவு அழகாக வந்தாலும் அதன்மேல் ஆசை வைக்காதீர்கள். முதலாளியிடம் காட்டவே காட்டாதீர்கள்.

ஸ்டெபிலிட்டி தேறியது. ஜெல் இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறது. போன மாதம் பார்வதி மேடம் இன்னொரு பாட்டில் அனுப்பினார். வேறு ஒரு ஸ்டீராய்டு, க்ளோபெட்டசால். இந்தத் தடவை நான் ஜெல் பக்கமே போகவில்லை. ஒரு பீக்கர் தண்ணீரில் மருந்தை மட்டும் தூவினேன். தூள் மேலேயே மிதந்தது. கலக்கினேன். சுற்றிவிட்டு மறுபடி வந்து மேலேயே மிதந்தது. கஜபதி சார் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, அது கரைஞ்சு கெடுத்துச்சு. இது கரையாமலே கெடுக்குதா?"

"ஆமா சார்" என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இது புது பேஜார்." அலமாரியைத் திறந்து, தண்ணீரில் கரையாததைக் கரைக்க உதவும் புரொப்பிலீன் கிளைக்கால் பாட்டிலை எடுத்தேன்.